பெர்னினியின் சிலை கை தூக்கியது எதற்கு?

ஊர்சுற்றி: ரோமில் பியாட்சா நவோனா சதுக்கத்துக்குப் போயிருந்தேன். நடுவில் சிற்பி பெர்னினியின் நீரூற்று, அதில் நான்கு நதிகளுக்கு நான்கு சிலைகள். தென் அமெரிக்காவின் பிளாட்டா நதி கையைத் தூக்கியிருப்பது, எதிரே கட்டடக் கலைஞர் போரோமினி கட்டிய தேவாலயம் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தானாம். போட்டியாளருக்கு பெர்னினி வைத்த குட்டு! வழிகாட்டியே சொன்னார்.

பழையபஞ்சாங்கம்: மறுபடியும் இந்தக் கதையா? நீரூற்று திறந்தது 1651. தேவாலயத்தைத் தொடங்கியதே 1652. போரோமினி கைக்கு வேலை வந்தது 1653. கட்டாத சுவருக்குப் பயப்பட அந்தச் சிலை என்ன ஜோசியம் பார்த்ததா?

ஊர்சுற்றி: இருவருக்கும் ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும். நேரில் பார்த்தவனைக் கண்டால் புத்தகப்புழுக்களுக்கு ஏன்தான் எரிகிறதோ.

பழையபஞ்சாங்கம்: ஆகாது என்பதை யார் மறுத்தது? 1651 முதலில் வருமா, 1652 முதலில் வருமா? அதைச் சொல்லுங்கள்.

கல்தச்சன்: அப்போ நைல் சிலை முகத்தை மூடியிருப்பது? அதுவும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கச் சகிக்காமல்தானே?

பழையபஞ்சாங்கம்: நைல் எங்கே பிறக்கிறது என்று அன்றைக்கு ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. அதனால் முக்காடு. அப்புறம், அந்தப் பிளாட்டாவைச் செதுக்கியது பெர்னினி இல்லை, பராத்தா என்ற சிற்பி. திட்டம்தான் பெர்னினியுடையது. 1651, மறக்க வேண்டாம்.

காவிரிக்கரை: நம் கங்கையும் அங்கே துடுப்போடு உட்கார்ந்திருக்கிறாள். மன்னிக்கவும், உட்கார்ந்திருக்கிறார். தாடி வைத்த ஆம்பளை! இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே?

பழையபஞ்சாங்கம்: ரோமர்களுக்கு நதி என்றால் தாடிக்காரத் தெய்வம்தான். இதற்கும் 1651க்கும் என்ன சம்பந்தம்?

காவிரிக்கரை: எங்கள் அம்மாவுக்குத் தாடி ஒட்டியிருக்கிறார்கள், இவருக்கு வருஷம்தான் முக்கியம்.

கல்தச்சன்: போன மாதம் அந்தச் சதுக்கம் 'முழுக்க பரோக்', அதாவது பதினேழாம் நூற்றாண்டுப் பாணி, என்று எழுதியவர் இந்தப் பழையபஞ்சாங்கம்தான். வடக்கு நீரூற்றின் நெப்டியூன் சிலை 1878. சதுக்கத்தின் வடிவமோ பழைய ரோமப் பேரரசன் தொமீசியனின் விளையாட்டரங்கம். வருஷம் மற்றவர்களுக்கு மட்டும்தானா, ஐயா?

பழையபஞ்சாங்கம்: பழைய பாக்கியை இங்கே வசூலிக்கிறீர்களா? நீரூற்றின் நடுத்தூணில் உள்ள எகிப்திய எழுத்து பார்வோன் காலத்தது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? அதுவும் தொமீசியன் காலத்தில் வெட்டியது. பரோக் என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை.

கல்தச்சன்: தெரிந்தால்தானே எடுக்க.

ஊர்சுற்றி: சரி, நாளைக்குப் படம் போடுகிறேன். அந்தக் கையைப் பாருங்கள், பயம் அப்படியே தெரியும்.

பழையபஞ்சாங்கம்: 1651.

காவிரிக்கரை: தாடியும் தெரிகிற மாதிரி போடுங்கள்.