பம்பர் கிழிந்தால் மாற்றத்தான் வேண்டுமா?

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி பின்னால் வந்தபோது என் காரின் பின்பம்பர் ஓரத்தைக் கிழித்துவிட்டது. ஒரு சாண் கிழிசல், சுற்றிலும் சிராய்ப்பு. சர்வீஸ் சென்டரில் எட்ட நின்று பார்த்ததோடு சரி, "மாற்றிவிடலாம் சார், கிளெய்ம் போடுங்கள்" என்றார்கள். மதிப்பீடு 11,500 ரூபாய்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் காப்பீடு) கிடையாது. பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1,500 சிசி வரையுள்ள கார் என்பதால் கட்டாயப் பிடித்தம், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். இதையெல்லாம்விடப் பெரிய அடி நோ கிளெய்ம் போனஸில் விழும்; கிளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. அடுத்த புதுப்பித்தலில் 35 சதவீதம் கிடைக்க வேண்டியது பூஜ்யமாகும். மறு வருடம் 45க்குப் பதில் 20, அதற்கடுத்து 50க்குப் பதில் 25. சொந்தச் சேதப் பிரீமியம் (நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி, தள்ளுபடி இதில்தான்) 8,000 என்று வைத்தால் மூன்று ஆண்டுகளில் 6,800 ரூபாய் போய்விடும். இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்கிக்கொள்கிற சமாச்சாரம்.

டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் முதலில் குனிந்து, விரலை உள்ளே விட்டுக் கிளிப்புகளைத் தடவிப் பார்த்தார். "காது உடையவில்லை சார், ஒட்டிவிடலாம்." காது என்றால் பம்பரை வண்டியோடு மாட்டும் நீட்டல். பம்பரைக் கழற்றிக் கவிழ்த்தார். கிழிசலைச் சேர்த்துப் பிடித்து, சூடேற்றிய நெளிகம்பித் துண்டுகளை உட்புறம் தையல் போட்டதுபோல் வரிசையாகப் பதித்தார். பிளாஸ்டிக் உருகும் நெடி தாங்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை வெட்டிவிட்டு, வேறொரு பழைய பம்பரில் சீவிய பட்டையை மேலே உருக்கிப் பூசினார். பிறகுதான் வெளிப்பக்கம் பட்டி பார்த்துத் தேய்த்தது.

பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரொப்பிலீன். பெயின்ட் அதில் லேசில் பிடிக்காது. பிளாஸ்டிக் பிரைமர் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், இல்லாவிட்டால் ஏடு ஏடாக உரியும். என்னுடையது மெட்டாலிக் சில்வர். அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் வெயிலில் திட்டாகத் தெரியும் என்று பம்பர் முழுவதும் அடிக்கச் சொன்னேன். மொத்தம் 3,500 ரூபாய். உற்றுப் பார்த்தால் டிக்கிக்கும் பம்பருக்கும் நிறம் இழையளவு வேறுபடுகிறது. எனக்கு அது போதும்.

ரிவர்ஸ் சென்சார் இருந்தால் பெயின்ட் அடிக்குமுன் கழற்றிவிடச் சொல்லுங்கள். தடிமனாகப் படிந்தால் சரியாக வேலை செய்யாது. காதே உடைந்திருந்தால் ஒட்டுவது வீண். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய பம்பர் தேடலாம். அதே நிறத்தில் அகப்பட்டால் பெயின்ட் செலவும் மிச்சம்.