பழத்தை எடுத்துக்கொண்டு வெற்றிலையை விட்டவர்

கோபிசெட்டிபாளையம்

2012 ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புக் கதலிப் பழமும் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு அவர் பேச வரவேண்டும். கீழ்பவானி, காலிங்கராயன், கொடிவேரி, நொய்யல் என்று எங்கள் பக்கத்து ஆறு, அணை, வாய்க்கால்களைப் பற்றி அவர் பத்திரிகைகளில் எழுதிய கட்டுரைகளையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தவன் நான். பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு வரியே போதும்.

நாங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தட்டத்திலிருந்து ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டத்தை எங்கள் பக்கமே நகர்த்தி வைத்தார். "பழம் நீங்கள் அன்பாகக் கொண்டுவந்தது, எடுத்துக்கொள்கிறேன். வெற்றிலையை எடுத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் தம்பி. நான் மேடையில் பேசுவதில்லை. என்னை மன்னிக்க வேண்டும்" என்றார்.

நம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறவர்கள் அபூர்வம். அழைக்க வந்தவரிடம் "ஆகட்டுங்க", "பார்க்கலாங்க" என்போம். வரமாட்டோம் என்பதற்கும் அதே சொல், வருவோம் என்பதற்கும் அதே சொல். கேட்பவர் குரலை வைத்துத்தான் கணிக்க வேண்டும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நம்பித்தான் நானும் வளர்ந்தேன். அதனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அறைந்தாற்போல் இருந்தது.

அவர் அத்தோடு விடவில்லை. "நோட்டீஸ் அடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். முந்தின நாளே அச்சகத்தில் கொடுத்திருந்தோம், அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு. "இன்றைக்கு ஞாயிறு, இன்னும் ஓட்டியிருக்க மாட்டார்கள். இங்கிருந்தே போன் செய்து நிறுத்துங்கள். விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, வேறு ஒருவரைக் கேட்க நேரம் உண்டு" என்றார். நான் போன் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஆயிரம் நோட்டீஸ் வீணாகாமல் தப்பியது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அவ்வளவு வருத்தம்.

அந்த வருத்தம் 2015இல்தான் கரைந்தது. அந்த ஆண்டு விழாவுக்கு வேறொரு பிரபலப் பேச்சாளர். கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். நம்பியூரிலிருந்தும் டி.என்.பாளையத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள், இருநூறு பேருக்குக் குறையாது. பிள்ளைகள் பத்து நாள் பழகி வைத்திருந்த வரவேற்புப் பாடலைப் பாடக் காத்திருந்தார்கள். நாலு மணிக்கு வரவேண்டியவர் ஆறு மணிக்கும் வரவில்லை, போனை அணைத்து வைத்திருந்தார். கேனில் டீ ஆறிப்போனது. எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுந்து, முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசிக் கூட்டத்தைக் காப்பாற்றினார். மறுநாள் "உடல்நலக் குறைவு" என்று செய்தி வந்தது. அதற்கு மறுநாள் செய்தித்தாளில், அதே மாலை வேறோர் ஊர் விழாவில் மாலையோடு அவர் நிற்கும் படம். பாடலைப் பாடாமலே வீட்டுக்குப் போன அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு வெற்றிலையை விட்ட கை அன்றிரவு நினைவுக்கு வந்தது.

உங்களில் பலர் அவரை அழைத்திருப்பீர்கள் என்று தெரியும். நடந்ததை நடந்தபடி, உங்கள் ஊர்ப் பெயரோடு இதன் கீழேயே எழுதுங்கள்.

பெருந்துறை

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விவகாரம் சூடாக இருந்த நாட்களைச் சொல்கிறேன். பவானிசாகர் அணையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் ஓடும் மண் வாய்க்கால், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். கரை கசிந்தால்தான் எங்கள் கிணறுகள் ஊறும், கான்கிரீட் வேண்டாம் என்றது ஒரு தரப்பு. கசிவால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதில்லை, சீரமைத்தே ஆகவேண்டும் என்றது இன்னொரு தரப்பு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான் நிலை. நான் வேண்டாம் என்ற பக்கம், என் மாப்பிள்ளை வேண்டும் என்ற பக்கம்.

இரண்டு தரப்பும் அவரைக் கூட்டத்துக்கு அழைத்தன. அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அது ஆயிரம் பேர் சொன்னதற்குச் சமம் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு வந்த பதில் ஒரு ஐம்பது பைசா தபால் அட்டை. "அழைப்புக்கு நன்றி. கூட்டங்களில் நான் பேசுவதில்லை. என் பெயரை நோட்டீஸில் சேர்க்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எங்கள் ஆட்களுக்குக் கோபம். அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேசினார்கள்.

பேக்கரியில் டீ குடிக்கும்போது மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து வைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு எழுத்து மாறவில்லை. தேதிகூட ஒன்றுதான். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மாதத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசினோம். அதன் பிறகு, கசிவு எவ்வளவு, கிணற்றுப் பாசனம் எவ்வளவு, கடைமடையில் எத்தனை நாள் தாமதம் என்று கணக்கோடு நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதில் எங்களுக்குப் பிடிக்காததும் இருந்தது, அவர்களுக்குப் பிடிக்காததும் இருந்தது. மேடையில் அதைச் சொல்லியிருந்தால் பாதியிலேயே கூச்சல் போட்டு நிறுத்தியிருப்போம். நானே போட்டிருப்பேன்.

திருச்செங்கோடு

நான் கல்லூரி ஆசிரியை. மாணவர் முகாமுக்காக மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அழைத்தேன், மூன்று அட்டைகள் வந்தன. மூன்றையும் வைத்திருக்கிறேன். எதுவும் நான்கு நாளைத் தாண்டி வந்ததில்லை. எதிலும் பொய்க் காரணம் இல்லை. வேலை, உடம்பு, வெளியூர்ப் பயணம் என்று எதையும் சொல்லவில்லை. ஆண்டுக்கு எத்தனையோ அழைப்பிதழ்களோடு அலைகிறவள் நான். காரணம் சொல்லாத மறுப்பு இத்தனை மரியாதையாக இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

டி.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1962இல் நோபல் பரிசு பெற்றவர், அறுபதுகளில் ஓர் அட்டை அச்சடித்து வைத்திருந்தார். கையெழுத்து, புகைப்படம், பேட்டி, சொற்பொழிவு, விருந்தில் பேச்சு, கௌரவப் பட்டம் என்று அவரால் ஏற்க இயலாதவை அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். எது கேட்கப்பட்டதோ அதற்கு நேரே குறி இட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. அவருடைய நேரத்தின் அருமை எனக்குப் புரிகிறது, அதில் குறை காண மாட்டேன். ஆனால் நம்மவர் ஒவ்வொரு முறையும் பேனாவால் எழுதினார். இரண்டாவது அட்டையின் ஓரத்தில், "அம்மிணி, காலிங்கராயன் வாய்க்காலில் ஆட்கள் இறங்கித் தூர் வாரும்போது பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்" என்று ஒரு குறிப்பு. போனோம். பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம்வரை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் அந்த வாய்க்கால் ஏன் பாம்புபோல வளைந்து வளைந்து போகிறது என்பதை மண்வெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் விளக்கினார். என் பிள்ளைகள் எந்தச் சொற்பொழிவிலும் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

காங்கயம்

என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் சீர் எல்லாம் முடித்து, மங்கல வாழ்த்து பாடி முடியும்வரை முன் வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்தார். யாரோ மைக்கை நீட்டி வாழ்த்துரை கேட்டார்கள். எழுந்து கும்பிட்டு, "மங்கல வாழ்த்தில் எல்லாம் வந்துவிட்டதுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பந்தியில் கடைசிவரை இருந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார்.

சிவகிரி

அவர் ஏன் பேசுவதில்லை என்று என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒருமுறை சொன்னதை எழுதுகிறேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கீழ்பவானி ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், பாதிக்கு ஒரு போகம் நஞ்சைத் தண்ணீர், மறு பாதிக்கு அடுத்த போகம் புஞ்சைத் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை மாறும். ஆகஸ்ட் 15 தண்ணீர் திறப்பு என்பதை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் எல்லாமே. அவர் வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஆண்டு, எங்கள் ஊர்க் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். கூட்டம் பெரியது, எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. அணையின் இருப்பை மனதில் வைத்து, "இந்த முறை உறுதியாகத் திறப்போம், தைரியமாக நாற்று விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். மலையில் மழை பொய்த்தது. தண்ணீர் வரவில்லை. நாற்றங்கால் காய்ந்தது.

அப்புச்சியும் அந்தப் பேச்சை நம்பி நாற்று விட்டவர்தான். யாரும் பொறியாளரைக் குறை சொல்லவில்லை, மழைக்கு யார் பொறுப்பு? ஆனால் அவர் சைக்கிளில் ஒவ்வொரு வயலாக வந்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். அப்புச்சி கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தபோது, "அத்தனை முகத்தைப் பார்த்ததும் கணக்கை மறந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் மைக்கைத் தொட்டதாக எங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவில்லை.

அவிநாசி

அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீர். எங்கள் குளமும் பட்டியலில் உண்டு. தண்ணீர் வந்ததும் ஊரே பொங்கல் வைத்தது, அவரைப் பேச அழைத்தோம். வழக்கமான பதில்தான். கூடவே, இந்தத் தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோரிக்கை வைத்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களைப் பேசச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் ஊர் ஆத்தா ஒருவர் பேசினார். மூன்று மைல் நடந்து குடம் சுமந்த கதை. எட்டு நிமிடம் இருக்கும். கரையில் நின்றவர்களில் அழாதவர்கள் குறைவு.

சென்னிமலை

எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறீர்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு, ஆனால் மனக்குறையும் உண்டு.

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதில் திருப்பூர்ச் சாயக்கழிவுதான் தேங்கியது. எங்கள் தென்னைகள் பட்டுப்போயின, கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும்வரை நாங்கள் ஏறாத படி இல்லை. அந்த ஆண்டுகளில் அவரைக் கூட்டத்துக்கு அழைத்தோம். பணிவாக மறுத்தார். எழுதினார், உண்மை. நல்ல கட்டுரைகள்தான். ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்குப் பத்திரிகை படிக்கிறவர்கள் எத்தனை பேர்? படிக்கத் தெரியாத என் பெரியம்மா, "அந்தப் படித்தவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரிகள் கேட்பார்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை அவர் வரவில்லை. மேலே சிவகிரிக்காரர் எழுதிய நாற்றங்கால் கதை எனக்கு இன்றுதான் தெரியும். படித்ததும் மனம் இளகியது. ஆனால் பெரியம்மா கேட்டதற்கு அது பதிலாகவில்லை.

கோபிசெட்டிபாளையம்

சென்னிமலைக்காரர் எழுதியதை மூன்று முறை படித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுத்து எட்டாத இடங்களுக்குக் குரல்தான் போக முடியும். அந்தப் பெரியம்மாவுக்குக் கட்டுரை ஒரு பதிலாகாது. மறுத்தவர் நல்லவர் என்பதால் மறுப்பின் இழப்பு இல்லாமல் போய்விடாது. இதை அவரிடமே சொல்லவேண்டும் என்று தோன்றியது.

காலிங்கராயன் நாளான தை 5ஆம் தேதிக்கு எங்கள் நூலகத்தில் ஒரு சிறு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். மார்கழியிலேயே அவருக்குக் கடிதம் எழுதினேன். வழக்கமான அழைப்போடு, சென்னிமலைக்காரர் எழுதியதையும் பெயர், ஊர் இல்லாமல் அப்படியே கையால் நகல் எடுத்து இணைத்தேன். நோட்டீஸ் அடிக்கவில்லை.

நான்காம் நாள் அட்டை வந்தது. இந்த முறை எழுத்து அவருடையதல்ல, வீட்டில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் அவருடையது, நடுங்கிய கோடுகளில். கூட்டங்களில் பேசுவதில்லை என்ற அதே மூன்று வரிகள். அதற்குக் கீழே: "இணைத்து அனுப்பியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த அம்மையார் இருந்தால் நான் அவர் வீட்டுக்கு வருகிறேன். விலாசம் அனுப்புங்கள்."

சென்னிமலைக்காரருக்கு அன்று மாலையே போன் செய்தேன். பெரியம்மா இருக்கிறார்.