கர்ப்பகால நீரிழிவு: காலை அளவு மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி:
எனக்கு இது 29-ஆவது வாரம். உணவுக்குப் பிந்தைய அளவுகள் கட்டுக்குள் இருந்தும், காலையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தால் 100-க்கு மேல் காட்டுகிறது. இரவு உணவைப் பாதியாகக் குறைத்தும் பயனில்லை. மருத்துவர் இன்சுலின் போடச் சொல்கிறார். குழந்தைக்கு ஆகாதோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1:
இது உங்கள் தவறு அன்று. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், உறக்கத்தில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையை உடலால் சமாளிக்க முடிவதில்லை. ஆகவே தயவுசெய்து இரவில் பட்டினி கிடக்காதீர்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், உண்ட 1 மணி நேரத்தில் 140-க்குக் கீழ் என்பதே பொதுவான இலக்கு.

பதில் 2:
நானும் இதே அச்சத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், அது சரியன்று. ஊசியில் செலுத்தும் இன்சுலின் நஞ்சுக்கொடியைப் பெரும்பாலும் கடப்பதில்லை, ஆனால் தாயின் சர்க்கரை கடக்கிறது. அதற்கு ஈடாகக் குழந்தையின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரப்பதால், எடை மிகுவதோடு, பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டெனத் தாழவும் கூடும்.

பதில் 3:
பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோடு இருக்கையில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.