மெதுவாக ஓட்டியதற்காக நிறுத்தப்பட்டு மது வழக்கில் கைது: கலிஃபோர்னியாவில் உரிமம் என்ன ஆகும்?

கயல்_சன்னிவேல்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு விருந்து முடிந்து திரும்பிய என் மைத்துனரை, 280 ஃப்ரீவேயில் 65 மைல் வரம்புள்ள இடத்தில் இடது ஓர லேனில் 45 மைல் வேகத்தில் சென்றதாகக் கூறி நெடுஞ்சாலைக் காவலர் ஓரங்கட்டியிருக்கிறார். மது வாடை தெரிந்ததும் சோதித்திருக்கிறார்கள். இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.09 சதவீதம் என்று வரவே கைது செய்து, உரிமத்தை வாங்கிக்கொண்டு ஓர் இளஞ்சிவப்புத் தாளைக் கொடுத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றத் தேதி அடுத்த மாதம்தானே, அதுவரை பொறுக்கலாம் என்கிறார் அவர். மெதுவாக ஓட்டுவதும் குற்றமா? அவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார்.

மாறன்:
பொறுக்கவே கூடாது. அந்தத் தாள்தான் உரிமத்தை முடக்கும் ஆணை. 30 நாளுக்குத் தற்காலிக உரிமமும் அதுவே. அதைப் பெற்ற 10 நாளுக்குள் ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநிலத் துறையான டி.எம்.வி.யிடம் ஹியரிங் (விசாரணை) கேட்க வேண்டும். வார இறுதி நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். கேட்கும்போதே, முடிவு வரும்வரை முடக்கத்தை நிறுத்திவைக்குமாறும் கோரச் சொல்லுங்கள். தவறவிட்டால், முதல் முறை என்றாலும் 31-ஆம் நாளிலிருந்து நான்கு மாத முடக்கம் தானாகவே தொடங்கிவிடும். இது நீதிமன்ற வழக்கிலிருந்து வேறானது என்பதால், அங்கே வழக்கைக் கைவிட்டாலும் டி.எம்.வி.யின் முடக்கம் அதனாலேயே நீங்கிவிடாது. கைதுக்குப் பிந்தைய சோதனைக்கு மறுத்திருந்தால் உரிமம் ஓராண்டு போயிருக்கும்; மறுக்காதது நல்லதாயிற்று.

இளவேனில்:
மெதுவாக ஓட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். வாகனச் சட்டம் 22400-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காகவோ ஏற்றத்தின் காரணமாகவோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டோ அல்லாமல், இயல்பான போக்குவரத்தைத் தடுக்கும் அளவுக்கு மெதுவாகச் செல்வது குற்றம். மற்ற வண்டிகளைவிட மெதுவாகச் செல்பவர் வலது லேனில் இருக்க வேண்டும் என்கிறது 21654. முந்திச் செல்வது பாதுகாப்பில்லாத இருலேன் சாலைகளில் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது 21656. இது இவருக்குப் பொருந்தாது.

குடித்தவர்களில் பலர் நிதானமாகப் போவதாக எண்ணிக்கொண்டு ஊர்ந்து போவார்கள். வரம்புக்குப் பத்து மைல் குறைவான வேகம், போதையில் ஓட்டுபவரை அடையாளம் காணக் காவலர்களுக்குக் கற்றுத்தரப்படும் அறிகுறிகளில் ஒன்று என்பது இவர்களுக்குத் தெரிவதில்லை.

ஹியரிங்கில் பார்ப்பது மூன்றுதான்: காவலர் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படி நடந்ததா, ஓட்டும்போது அளவு 0.08 அல்லது அதற்கு மேல் இருந்ததா. நள்ளிரவில் பின்னால் ஒரு வண்டியும் இல்லாதபோது எந்தப் போக்குவரத்தைத் தடுத்தார் என்று வழக்கறிஞர் கேட்க இடமுண்டு. ஆகவே காவலரின் அறிக்கையைப் பெற்று, நிறுத்திய காரணமாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இடது லேன் என்றிருந்தால் அந்த வாதம் பலவீனப்படும்.

கயல்_சன்னிவேல்:
மிக்க நன்றி. ஹியரிங் கேட்டும் தோற்றால், வேலைக்குப் போகக்கூட ஓட்ட முடியாதா?

மாறன்:
முதல் 30 நாள் முழுத் தடைக்குப் பிறகு, வேலைக்கும் மது விழிப்புணர்வு வகுப்புக்கும் மட்டும் செல்லக் கட்டுப்பாட்டு உரிமம் பெறலாம். அதற்கு வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும், எஸ்ஆர்-22 காப்பீட்டுச் சான்றும் வேண்டும். நீதிமன்றமும் தண்டித்தால் முதல் முறைக்கு ஆறு மாத முடக்கம் தனியே வரும்.

பழைய_எச்1பி:
விசாவை மறந்துவிடாதீர்கள். தண்டனை இல்லாமல், கைது ஒன்றை வைத்தே அமெரிக்கத் தூதரகம் பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. அதனால் இங்கே தங்கும் உரிமை உடனே போய்விடாது. ஆனால் வெளிநாடு சென்றால் புதிய விசாவும், அதற்கு முன் தூதரகம் குறிப்பிடும் மருத்துவரின் பரிசோதனையும் தேவைப்படும். ஊருக்குப் போகப் பயணச் சீட்டு எடுத்திருந்தால், குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கும்வரை விமானம் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.