பொத்தை வளருமா? கிணற்றுக் கல்லில் சிவப்பு மணி

கல்லிடை மகள்:
போன மாசம் வயல் கிணற்றை ஆழப்படுத்தினோம். முப்பது அடிக்குக் கீழே ஒரே கருங்கல். வெடி வைத்து எடுத்த சில்லுகளில் மாதுளை முத்து மாதிரி சிவப்பு மணிகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "ரெண்டு பூமித் தட்டு மோதினா மலை எழும்பும்மா, நம்ம பொதிகையும் அப்படித்தான்" என்கிறாள். எங்கள் ஆச்சியோ, வயல் நடுவே நிற்கும் பொத்தை, அந்தச் சின்னப் பாறைக் குன்று, வருஷத்துக்கு ஒரு நெல் உயரம் வளரும் என்பார். எது சரி? அந்த மணி என்ன?

தென்காசித் தம்பி:
மகள் சொல்வது சரிதான் அக்கா. இந்தியா ஆசியாவில் மோதித்தானே இமயமலை வந்தது.

பாளை அண்ணாச்சி:
தம்பி, இமயமலைக்கு அது சரி. அந்த மோதல் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறது. நம் பக்கம் நடந்தது பிரிவு. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் நம் மேற்குக் கரையை விட்டுப் பிய்ந்து போனது. பிய்ந்த விளிம்பு தூக்கிக்கொண்டதில்தான் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

ஆனால் மகள் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மலைக்கு வயது குறைவு, கல்லுக்கு அதிகம். சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியபோது, தரைக்கு 20 கிலோமீட்டர் அடியில் வெந்த கல் உங்கள் கிணற்றுக் கல். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் விளைந்த மணிதான் கார்னெட்.

அவ்வளவு ஆழத்தில் கிடந்தது எப்படி மேலே வந்தது? உப்பு மூட்டையை இறக்க இறக்கத் தோணி மிதந்து எழும்பும் இல்லையா, அப்படித்தான். மேலே இருந்த பாறையை மழையும் ஆறும் கரைத்துக் கொண்டுபோக, பாரம் குறைந்து அடிக்கல் எழும்பியது. பொத்தை வளரவில்லை, சுற்றியிருந்த இளகிய பாறை கரைந்து தரை இறங்கிவிட்டது, கெட்டிக் கல் மிச்சம் நிற்கிறது. ஒரு ஆயுசில் கண்ணுக்குத் தெரியாத வேலை அது. முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், புத்தகத்தில் இமயமலைப் படம்தான் இருக்கும். பிள்ளைகளை ஜன்னல் வழியே பொத்தையைப் பார்க்கச் சொல்வேன்.

கல்லிடை மகள்:
அண்ணாச்சி, உவரிக் கோயிலில் நேர்த்திக்கடனுக்குப் பெட்டி பெட்டியாகக் கடல் மண் சுமந்திருக்கிறேன். அதில் சிவப்பாக மின்னுமே, அதுவும் இதுதானா?

பாளை அண்ணாச்சி:
அதேதான் அம்மா. கல்லிலிருந்து உதிர்ந்ததை ஆறு கடலில் சேர்த்தது. லேசான மணலை அலை அள்ளிப்போக, கனமான கார்னெட் கரையில் தங்கியது. அடுத்த தடவை போகும்போது கிணற்றுச் சில்லு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மகள் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.