சூடானதும் சார்ஜ் நிற்கிறது, சார்ஜ் லைட்டும் எரியவில்லை: டைனமோவா, வயரிங்கா?

கரூர்_டீசல் கேட்டது:

2009 மாடல், 2.5 லிட்டர் டீசல். ஒன்பது டயோடு வைத்த பழைய வகை ஆல்டர்னேட்டர் (டைனமோ என்று நாம் சொல்வது), 70 ஆம்பியர், பின்பக்கம் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் சேர்ந்தே வரும். பேட்டரி 75 ஆம்பியர்-அவர், வாங்கி நான்கு மாதம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் பேட்டரி டெர்மினலில் 14.2 வோல்ட். முப்பது நாற்பது நிமிடம் ஓடியபின் சில நாள் 12.3க்கு இறங்குகிறது, ஹெட்லைட் போட்டால் 11.9. சார்ஜ் லைட் எரிவதே இல்லை. அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தால் திரும்ப 14.2. சில சமயம் வேகத்தடையில் குலுங்கினாலே வந்துவிடுகிறது. பெல்ட் புதிது, வழுக்கும் சத்தம் இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகக் காட்டுகிறது. பேட்டரியை மாற்று என்கிறார் ஒருவர், டைனமோவையே மாற்று என்கிறார் இன்னொருவர். எதையும் வாங்குவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாடி_எலக்ட்ரிக்கல் எழுதியது:

பேட்டரி மேல் சந்தேகம் வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 12.3 என்றால் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. பேட்டரி எவ்வளவு மோசமாக இருந்தாலும் குலுங்கியதும் 14.2 காட்டாது.

நீங்கள் சொன்னதிலேயே பெரிய துப்பு, லைட் எரியாததுதான். லைட் எரியவில்லை, ஆகவே டைனமோ நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகையில் அது தவறு. பேட்டரியிலிருந்து சாவி, பல்பு, எல் வயர் (சார்ஜ் லைட்டிலிருந்து டைனமோவுக்கு வரும் வயர்), கார்பன் பிரஷ், ரோட்டர் சுருள் (டைனமோவுக்குள் சுற்றும் காந்தச் சுருள்), அடுத்த பிரஷ், ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது), எர்த்: பல்பு வழியாகப் போகும் மின்சாரத்தின் பாதை இதுதான். பிரஷ், ரோட்டரோடு சுற்றும் செம்பு வளையமான ஸ்லிப் ரிங்கைத் தொடாவிட்டால் பாதையே அறுந்துவிடும். சார்ஜும் நிற்கும், பல்பும் எரியாது, டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. எல் வயர் எங்காவது எர்த் ஆகியிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்திருக்கும்.

அதனால் கோளாறு இருக்கும் நிமிடத்தில் பிடிக்க வேண்டும். ஆறவிட்டால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். 12.3க்கு இறங்கியதும் ஓரம் கட்டி, குலுக்காமல் இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். சார்ஜ் லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால், டைனமோ பின்னால் இருக்கும் மெல்லிய எல் வயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் உலோகத்தில் தொடவையுங்கள். கனமான பி பிளஸ் வயர் பக்கம் கை போகவே கூடாது, அது நேரே பேட்டரி. எல் வயர் தொட்டதும் லைட் எரிந்தால் பல்பும் வயரிங்கும் நல்ல நிலை. குறை டைனமோவுக்குள், பிரஷ், ரோட்டர் அல்லது ரெகுலேட்டர். தொட்டும் எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், கப்ளர் பக்கம் தேடுங்கள்.

பல்பு மட்டும் போயிருந்தால் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐட்லிங்கில் சார்ஜ் வராது, ஒருமுறை நன்றாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பிடித்துக்கொள்ளும், பிறகு வண்டியை அணைக்கும் வரை விடாது.

ஆறாத நிலையில் இன்னொன்றும் செய்யலாம். எல் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, 12.3ஆகவே இருக்கும்போது ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் டைனமோவின் பின்பக்கம், பிரஷ் இருக்கும் இடத்தில் லேசாகத் தட்டுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை, துண்டு எதுவும் போகக் கூடாது. தட்டியதும் 14க்கு ஏறினால் பிரஷ்தான்.

மதுரை_ஆம்பியர் எழுதியது:

அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் டைனமோவைக் கழற்றும் முன் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. இன்ஜின் 1500 சுற்றில், ஹை பீம், புளோயர் எல்லாம் போட்டு, மீட்டரை 2 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனை டைனமோவின் பி பிளஸ் போல்ட்டில், மறுமுனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில். கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. 0.3க்கு மேல் வந்தால் அந்த வயர், லக் (வயர் முனையில் போல்ட்டில் மாட்டும் தகடு), ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் மாதிரி உருகும் இணைப்பு) ஆகியவற்றில் தடை இருக்கிறது. அடுத்து டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இடையே, இது 0.2க்குள் இருக்க வேண்டும். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்த வண்டிகளில் இதுதான் தவறும்.

இப்படி ஒரு லக்கும் சூடானால் விடும், ஆறினால் பிடிக்கும். லூசான இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை என்று வையுங்கள். 40 ஆம்பியர் போனால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், அந்தச் சிறு இடத்தில் 80 வாட் சூடு. இன்சுலேஷன் பழுப்பாகி, லக் நீலம் பூத்திருக்கும்.

ஆனால் இந்தக் குறையில் டைனமோ பக்கம் 14.2, பேட்டரி பக்கம் 12.3 என்று நிற்கும். இடையில் இருக்கிற பல்பு அந்த வித்தியாசத்தில் மங்கலாக எரியும். உங்களுக்கு மங்கல்கூட இல்லை என்பதால் நானும் பிரஷ் பக்கமே சாய்கிறேன்.

மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரி மேல் ஒருமுறை பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது.

கரூர்_டீசல் எழுதியது:

இன்று பிடித்துவிட்டேன். 12.2க்கு இறங்கியதும் அணைத்து சாவி ஆன்: லைட் எரியவில்லை. எல் வயரை எர்த் செய்தேன்: பளிச்சென்று எரிந்தது. மரப்பிடியால் தட்டியதும் 14.1. அப்போதே எடுத்த அளவு: பி பிளஸ் பக்கம் 0.16, எர்த் பக்கம் 0.05, ஏ.சி. 0.08. டைனமோ பின்பக்கம் முழுக்கக் கறுப்பாக எண்ணெய்ப் பசை. ரெகுலேட்டரோடு பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

பாடி_எலக்ட்ரிக்கல் எழுதியது:

போதாது. பிரஷ் மட்டும் மாற்றினால் புது பிரஷும் இதே மாதிரி மாட்டிக்கொள்ளும். உங்கள் எண்ணெய்ப் பசை வேக்கம் பம்ப்பிலிருந்து வருகிறது. பம்ப்புக்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது. டைனமோ ஷாஃப்ட்டில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் அந்த ஆயில் உள்ளே இறங்கும். கார்பன் பொடியோடு கலந்து சாந்து மாதிரி ஆகி, பிரஷ் அதன் கூட்டுக்குள் இறுகும். ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. குலுங்கினால் மட்டும் விடுபடும்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு டைனமோவை இறக்குங்கள். பிரஷ் கூட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக நீட்டினால் மாற்ற வேண்டும். ஆயில் ஊறியது எவ்வளவு நீளம் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், கார்பனில் ஊறிய எண்ணெயைக் கழுவி எடுக்க முடியாது. ஸ்லிப் ரிங்கை 400 நம்பர் உப்புத்தாளால், ரோட்டரைச் சுற்றிக்கொண்டே தேயுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும். விரல் நகம் தட்டும் அளவு பள்ளம் ஏற்கெனவே இருந்தால் லேத்தில் கடைய வேண்டும். பிறகு காண்டாக்ட் கிளீனர் அடித்து பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். ஸ்டேட்டரை (சுற்றாமல் நிற்கும் வெளிச்சுருள்) டீசலில் முக்குவது சில இடங்களில் வழக்கம். வேண்டாம், வார்னிஷ் இளகும்.

இரண்டு ரிங்குக்கும் நடுவே ஓம் பாருங்கள். 2.5 முதல் 4 வரை வந்தால் நலம். 2.8 என்றால் 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் போகிறது. சூடானால் கொஞ்சம் கூடும்: 60 டிகிரி ஏறினால் 2.8 என்பது 3.4 ஆகும், அது செம்பின் இயல்பு. ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது.

அடுத்து சீல், பம்ப் ஓ-ரிங், ஆயில் வரும் பைப்பின் செம்பு வாஷர்கள், எல்லாம் புதிது. இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயில் சம்புக்கு (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) திரும்பும் தடித்த ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருந்தால் ஆயில் பம்ப்பில் தேங்கி புது சீலையும் தள்ளிக்கொண்டு வரும். இன்ஜின் உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் ஹோஸும் அடைக்காமல் இருக்கிறதா பாருங்கள். கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினாலும் ஆயில் திரும்ப இறங்காது.

மதுரை_ஆம்பியர் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. மாட்டியபின் சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டுவார்கள் சிலர். விடாதீர்கள். மின்னோட்டத்தைத் தாங்கிப்பிடிக்க பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட்டேஜ் நூறை நெருங்கி எகிறலாம். புது ரெகுலேட்டர், டயோடு, ஸ்டீரியோ எது வேண்டுமானாலும் போகும். மீட்டரே போதும்.

பேட்டரியைத் தனி சார்ஜரில் 7 ஆம்பியரில் முழுக்க ஏற்றிவிட்டு மாட்டுங்கள். காலியான பேட்டரியை நிரப்ப விட்டால் டைனமோ மணிக்கணக்கில் முழுச் சுமையில் சூடாகும்.

பாடி_எலக்ட்ரிக்கல் எழுதியது:

ஆம். பம்ப்பை மாட்டும் முன் ஆயில் துளையில் இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள், காய்ந்து ஓடினால் பிளேடு கீறும். ரோட்டுக்கு எடுக்கும் முன் பிரேக்கைச் சோதியுங்கள்: இன்ஜினை அணைத்து பெடலை ஐந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் வரவில்லை; வண்டியை நகர்த்தாமல் ஹோஸ் கிளாம்ப்பைப் பாருங்கள்.