குலதெய்வக் கோயிலுக்கு மண் குதிரையா, சிமெண்ட் குதிரையா?

நொய்யல்கரை எழுதியது:

சென்னிமலைக்கு மேற்கே எங்கள் பங்காளிகள் கும்பிடும் கோயிலில் நிற்கும் இரண்டு மண் குதிரைகளும் காது ஒடிந்து, வயிற்றில் விரிசல் கண்டுவிட்டன. வரும் மாசியில் கும்பாபிஷேகம் நடத்தப் பேச்சு நடக்கிறது. சிமெண்டில் செய்து பெயின்ட் அடித்துவிட்டால் நம் காலத்துக்குக் கவலையில்லை என்று கமிட்டியில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். மண்ணில்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் நானும் என் பெரியப்பாவும் மட்டுமே. இவற்றைச் செய்த உடையார் (குயவர்) குடும்பத்தில் இப்போது சக்கரம் சுற்றுபவர் யாரும் இல்லை. ஆளுயரக் குதிரை செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்களா, எத்தனை காலம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

குலாலர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

செய்பவர்கள் இருக்கிறார்கள் அய்யா. நீங்கள் குறித்திருக்கும் மாசிதான் இடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சை மண் உலராது. ஆகவே புரட்டாசிக்குள் சூளை வைத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தை பிறந்தபின் தொடங்கி, கும்பாபிஷேகத்தைச் சித்திரைக்குத் தள்ளிப்போட வேண்டும்.

பெரிய குதிரை முழுவதையும் சக்கரத்தில் வனைய முடியாது. குளத்துக் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, நான்கு கால்களையும் உள்ளே கூடாக எழுப்பி, அவை ஓரளவு இறுகியபின் அவற்றின்மேல் வயிற்றைச் சுற்றுச் சுற்றாக ஏற்றிப் பலகையால் தட்டிக்கொண்டே போவோம். அவசரப்பட்டு ஒரே நாளில் வயிற்றை ஏற்றினால் கால் உட்கார்ந்துவிடும். உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவதற்கு அடிவயிற்றில் துளை விட வேண்டும். அதை அழகு பார்த்து அடைத்த உருவாரம் (மண் உருவம்) சூளையிலேயே வெடிக்கும். முதலில் புகை மட்டும் போடும் அளவுக்கு வறட்டி மூட்டி, சூடு சீராக ஏறியபின்தான் விறகு தள்ளுவோம்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

மண் நிலைக்காது என்று உங்கள் கமிட்டியில் சொல்பவர்களைக் கொடுமணலுக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். அது உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில், நொய்யலின் வடகரையில்தான் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. அங்கே கிடைக்கும் கருப்பு-சிவப்புக் கலங்களில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்து, வெளிப்புறம் சிவந்திருப்பதற்குச் சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துக் காற்றை அடக்கிச் சுட்டதே காரணம் என்பர். அந்தக் குயவர்களின் நேர் வாரிசுகள் இன்றைய உடையார்கள்தாம் என்று சிலர் மேடையில் முழங்குவதற்குச் சான்று ஏதும் இல்லை. எனினும் நன்றாக வெந்த மண் எத்தனை காலம் நிற்கும் என்ற கேள்விக்கு அந்த ஓடுகளே விடை.

காங்கேயத்துக்காரர் எழுதியது:

சிமெண்டுக்கு மாறினால் போவது குதிரை மட்டுமல்ல. கல்யாணத்தில் அரசாணிக்காலுக்குப் பக்கத்தில் வைக்கும் பானைகளும், மாரியம்மன் நோம்பிக்கு நெருப்பு ஏந்தும் பூவோடும் அக்கினிச் சட்டியும் உடையார் வீட்டிலிருந்து வந்து, அவர்களுக்குரிய சீர் கொடுத்தனுப்புவதே நம் வழக்கம். அவற்றுக்கே ஆள் கிடைக்காத நிலையில், பெரிய வேலை ஒன்று கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை கையில் மண்ணைத் தொடும்.

மண் எடுப்பதில் முன்பிருந்த அலைச்சல் இப்போது குறைந்திருக்கிறது. ஏரி, குளங்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024 ஜூனில் அரசு விதியை எளிதாக்கியது. விண்ணப்பத்தைக் குயவர் தலையில் கட்டாமல், கோயில் கமிட்டியே முன்னின்று எழுதிக் கொடுத்தால் வேலை விரைவில் நடக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சித்திரைக்குத் தள்ளிவைப்பதற்குப் பெரியப்பா மூலம் பேசிப் பார்க்கிறேன். குயவரிடம் செல்லும்போது என்ன அளவுகள் கொண்டுபோக வேண்டும்?

குலாலர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

போட்டோ மட்டும் போதாது. பழைய குதிரையின் உயரம், கழுத்தின் சுற்றளவு, கால்களுக்கு இடையிலுள்ள அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உலர்ந்து வெந்தபின் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குச் சேர்த்து அவர் பெரிதாக எழுப்புவார். பீடத்தை மட்டும் குதிரை சூளையிலிருந்து வந்தபின் கட்டுங்கள்.